வெறும் டப்பா மலையேறாது

“எம்புள்ள கை பட்டா வைரஸு, உங்க கை பட்டா விபூதியா? எந்த ஊரு நாயமுங்க இது?”

“பெருமாயி, இது பள்ளிக்கூடம். சந்தை இல்லை!”

“சந்தையில தராசாச்சும் இருக்குமுங்க. நீங்க எதுல நிறுத்துப் பாத்து எம்புள்ளையச் சொன்னீங்க?”

கம்ப்யூட்டர் அறையின் தகரக் கூரை இரண்டு குரல்களையும் வாங்கி இரட்டிப்பாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஈச்சம்பாறைப்பட்டிக்கு அன்று வேறு பொழுதுபோக்கு தேவைப்படவில்லை. வேலிக்கு வெளியே நாலு பெண்கள் விறகுக்குப் போகிறவர்கள் மாதிரி நின்றுகொண்டு, அரை மணி நேரமாக விறகுக்குப் போய்க்கொண்டே இருந்தார்கள்.

தலைமையாசிரியர் முருகானந்தம் மேஜையில் ஒரு தாளைத் தட்டினார். அதில் எல்லாக் கட்டங்களும் நிரப்பியாகிவிட்டது. ‘சேதத்துக்குக் காரணமானவர் பெயர்’ என்ற கட்டம் மட்டும் காலி. அதில் பென்சிலால் ‘அருள்மொழி, பன்னிரண்டாம் வகுப்பு’ என்று லேசாக எழுதியிருந்தார். பேனா கையில் தயாராக இருந்தது.

பெயருக்குரியவள் கதவோரம் நின்று தன் கால் கட்டை விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா பெருமாயி மலைத்தேன் விற்கிறவள். ஊரில் தேனுக்கும் அவள் வாய்க்கும் சம்பந்தமே இல்லை என்பார்கள்.

நஸீம் பானு உள்ளே நுழைந்தது இந்த நேரத்தில்தான். அடிவாரத்து பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவள். வயது நாற்பத்திரண்டு என்று அவள் சொல்வாள், நாற்பத்தைந்து என்று மற்றவர்கள் சொல்வார்கள். கணவர் அமீர் பாஷாவுக்கு மிளகு மண்டி. பெண்சாதி ஸ்குரூடிரைவரோடு மலையேறுவதைப் பற்றி யாராவது விசாரித்தால் அவர் உடனே மிளகு விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். எந்த ஆபீஸ் மெஷினில் எவன் எதைக் கழற்றினான் என்பதை ஒரு பரோட்டாத் துணுக்கை வைத்துக் கண்டுபிடிக்கிறவள் என்று பெயர் வாங்கியிருந்தாள். முதுகுக்குப் பின்னால் ‘சிஐடி பானு’. அது அவள் காதில் விழுந்ததே இல்லை என்பது போல நடந்துகொள்வாள்.

அவளுக்குப் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு ஜீப் டிரைவர் செங்கோடன். ஐம்பத்தெட்டு வயசு, மூன்று பல் இல்லை, வாய் மட்டும் முழுசாக இருந்தது.

“வாங்கம்மா,” என்றார் முருகானந்தம். “நீங்க அஞ்சாவது தடவையா வர்றீங்க. நாலு தடவை சுத்தம் பண்ணீங்க. நாலு தடவையும் திரும்ப வந்துருச்சு. புள்ளைங்க செஞ்ச புராஜெக்ட் அத்தனையும் போச்சு. அடுத்த வாரம் செய்முறைத் தேர்வு.”

“இப்ப என்ன சார் அவசரம்?”

“கீழ கல்வி ஆபீசுல சொல்லிட்டாங்க. சாயந்தரம் நாலு மணிக்குள்ள காரணம் யாருன்னு ஒரு பேரு வேணும். இல்லைன்னா கம்ப்யூட்டர் பத்தும் கீழ போயிரும். ஒரு பேரை எழுதிட்டா லேப் நிக்கும், அந்தப் புள்ள மட்டும் பரீட்சைக்கு நிக்காது. வேற வழி எனக்குத் தெரியலைங்க.”

“இவதான்னு எப்படி?”

“சாயந்தரம் பூட்டிட்டுச் சாவி குடுக்கறது இவதான்.”

“அப்படிப் பாத்தா சாமி சிலை காணாமப் போனா பூசாரியத்தானுங்க புடிக்கோணும்,” என்றார் செங்கோடன்.

“நீ வண்டியப் பாரு.”

“வண்டிக்கு நாலு மணிக்கு ஒரு லோடு இருக்குதுங்க. காலையில கீழ இருக்கறப்ப ஏதோ ஆபீசுல இருந்து போன். ரோட்டு மேல வந்து நில்லுன்னாங்க. மரவள்ளி மூட்டையா இருக்கும். அது வரைக்கும் நான் பானும்மாவோட அசிஸ்டெண்டு.”

மணி பதினொன்றரை. கொண்டை ஊசி வளைவுகள் எழுபதையும் ஏறி வந்ததில் நஸீமின் தலை இன்னும் ஒரு பக்கமாகவே சுற்றிக்கொண்டிருந்தது. வழி நெடுக ஜீப்பில் பாட்டுக்கூட இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, “இன்னைக்குப் புதன்கிழமைங்க. புதன்கிழமை என் வண்டியில பாட்டு தங்காது. செவ்வாக்கெழம ஏறுறப்ப இருக்கும், எறங்குறப்ப இருக்காது. மலைக்குப் புடிச்சுப்போயி வெச்சுக்குது போல,” என்று செங்கோடன் தனக்குள்ளேயே சிரித்துக்கொண்டிருந்தார். அவர் பேச்சில் பாதியைக் காதில் வாங்குவதில்லை என்பது நஸீமின் பழக்கம். கெட்ட பழக்கம்.

பத்து மெஷினில் மூன்று ஏற்கெனவே பிணம். ஒன்று, சரஸ்வதி பூஜையன்று தலைமையாசிரியரே முன்னின்று சந்தனம் பூசியதில் போனது. ஓட்டை ஒன்று விடாமல் பூசியிருந்தார். இன்னொன்றின் முதுகில் வாட்ச்மேன் அப்பாசாமி ஈரத்துண்டைக் காயப் போட்டுப் போட்டே முடித்துவிட்டார். பனிக்காலத்தில் இந்த ஊரில் சூடாக இருக்கிற ஒரே இடம் கம்ப்யூட்டரின் பின்பக்கம்தான். காலையில் பிள்ளைகள் பாடம் படிக்க வருவதற்கு முன்னால் கை காய்ச்ச வருவார்கள். மூன்றாவதை எலி பார்த்துக்கொண்டது.

மீதி ஏழு. ஏழிலும் பென் டிரைவ் சொருகும் ஓட்டைகளைத் தேன்மெழுகு வைத்து அடைத்திருந்தார்கள். முதல் மெஷினில் மட்டும் ஒரே ஒரு ஓட்டை திறந்திருந்தது.

“இது யார் யோசனை?”

“நானும் அருளும்தானுங்க,” என்றாள் சுமித்ரா. தற்காலிகக் கம்ப்யூட்டர் டீச்சர். ஊர்க்காரர்கள் இரண்டு வருஷமாக அவளுக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தார்கள், அவள் கேட்காமலே. “வெளிப் பென் டிரைவ் எதுவும் உள்ள போகக்கூடாதுன்னு.”

“மெழுகு குடுத்ததே நானுங்க!” என்று பெருமாயி கத்தினாள். “பூட்டுக்குச் சாவி குடுத்தவளே திருடியா?”

நஸீம் ஒவ்வொரு மெஷினாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனாள். ஐந்தாவதில் நின்றாள். நகத்தால் சுரண்டி முகர்ந்தாள்.

“அண்ணே, தேன்மெழுகு என்ன நிறம்?”

“காப்பித்தூள் போட்ட வெல்லம் நெறமுங்க.”

“இது வெள்ளையா இருக்கே.”

செங்கோடன் கண்ணைச் சுருக்கினார். “மெழுகுவத்திங்க.”

“இந்தப் பள்ளிக்கூடத்துல மெழுகுவத்தி எங்க இருக்கும்?”

எல்லோரும் ஒரே திசையில் பார்த்தார்கள். முருகானந்தம் பேனாவை மூடினார்.

“கரண்ட் போனா ஏத்தறதுக்கு என் ரூம்ல வெச்சிருக்கேன். அதனால?”

“சார் போனைக் கொஞ்சம் குடுங்க.”

“சார்ஜர் தலை உடைஞ்சு போச்சும்மா. ஒயர் மட்டும் இருந்துச்சு. ரெண்டு தடவை... மூணு தடவை சார்ஜ் போட்டேன். திருப்பி அடைச்சு வெச்சுட்டேனே!”

வேலிக்கு வெளியே விறகுக்காரிகள் ஒரு அடி முன்னால் வந்தார்கள். பெருமாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு பெரிய மூச்சு எடுத்தாள்.

“அவசரப்படாதீங்க அக்கா,” என்றாள் நஸீம். போனைத் திருப்பிப் பார்த்தாள். பட்டன் போன். பின்மூடியைக் கழற்றி மெமரி கார்டு வைக்கும் இடத்தைப் பார்த்தாள். உள்ளே மூக்குப்பொடி.

“கார்டு இருக்க வேண்டிய எடத்துல பட்டணம் பொடி இருக்குதுங்க,” என்றார் செங்கோடன். “இதுல இருந்து ஏதாச்சும் பரவியிருந்தா கம்ப்யூட்டர் தும்மியிருக்கும். வைரஸ் வந்திருக்காது.”

சிரிப்பு ஒன்று எழுந்து பாதியில் அடங்கியது. முருகானந்தம் தப்பித்துக்கொண்டார். அவர் தப்பித்ததால் பென்சில் எழுத்து மறுபடியும் அருள்மொழியின் பக்கம் வந்து நின்றது. அவள் அப்போதுதான் முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

“என் பேரையே எழுதிக்கட்டுங்க்கா. லேப் இருக்குமில்ல. மத்த பதினோரு பேரும் எழுதுவாங்க.”

“வாய மூடு கண்ணு,” என்றாள் பெருமாயி. அந்த ஒரு வரியை மட்டும் அவள் கத்தாமல் சொன்னாள்.

மணி ஒன்றரை. சத்துணவு மணி அடித்தது. யாரும் நகரவில்லை.

சுமித்ரா ஒரு நோட்டு வைத்திருந்தாள். எந்த நாள் மெஷின் நன்றாக இருந்தது, எந்த நாள் கெட்டது என்று ஜூன் மாதத்திலிருந்து எழுதிய நோட்டு. டாக்டர் வீட்டில்கூட அவ்வளவு சுத்தமாக எழுதமாட்டார்கள். நஸீம் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். திங்கள் நன்றாக இருக்கிறது. செவ்வாய் நன்றாக இருக்கிறது. புதன் காலையில் எல்லா ஃபைலும் அம்புக்குறி வைத்த, தட்டினால் திறக்காத வெறும் பொம்மையாக மாறியிருக்கிறது. வாரா வாரம் இப்படித்தான். முடிந்த வாரம் சுமித்ராவே துடைத்திருக்கிறாள், முடியாதபோதுதான் நஸீமுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

“செவ்வாய்க்கிழமை இங்க என்ன நடக்குது?”

சுமித்ரா தயங்கினாள். “மருந்து வருமுங்க.”

மருந்து என்று அவர்கள் சொல்வது ஆன்டிவைரஸை. மலை மேல் நெட் கிடையாது. சிக்னல் வேண்டுமென்றால் ஆனைப்பாறை மேல் ஏறி ஒரு காலில் நிற்க வேண்டும். அதனால் திங்கட்கிழமை சுமித்ரா ஒரு பென் டிரைவைச் சின்ன எவர்சில்வர் டப்பாவில் வைத்துக் கீழே அனுப்புவாள். பனி ஈரம் படாமல் இருக்க டப்பாவில் ஒரு பிடி தினையோ மிளகோ போட்டிருப்பாள். ஈரத்துக்காக என்பது பாதிதான். அந்தப் பக்கத்தில் எந்த வீட்டிலும் பாத்திரத்தை வெறுமனே திருப்பி அனுப்ப மாட்டார்கள். நஸீமும் புதிய மருந்தை ஏற்றிவிட்டு, டப்பாவில் நாலு நெய் பிஸ்கட் வைத்துத்தான் மேலே அனுப்புவாள். பிள்ளைகள் அந்தப் பிஸ்கட்டைப் பன்னிரண்டாகப் பங்கு போடுவார்கள் என்று கேள்வி.

செவ்வாய்க்கிழமை இந்த அறைக்குள் வருவது அது ஒன்றுதான். அதுவும் அவள் கடையிலிருந்து.

நஸீமுக்குக் காது சூடானது. கடையில் இருக்கிற கொழுந்தன் மகன் அப்சர் மேல் நினைப்பு போனது. கையைத் துடைக்காமல் எதையாவது சொருகியிருப்பானா? இத்தனை நாள் நான் அனுப்பியது மருந்தா, நோயா?

“செங்கோடண்ணே, என் கடைதான் போலிருக்கு,” என்று மெதுவாகச் சொன்னாள்.

“சும்மா இருங்கம்மா. உங்க கடையில ஈ பறந்தாக்கூட அடையாள அட்டை கேப்பீங்க.”

“டீச்சர், பென் டிரைவ் வந்ததும் நீங்க என்ன செய்வீங்க? ஒண்ணுவிடாமச் சொல்லுங்க.”

“முதல் மெஷின்ல சொருகுவேனுங்க. மருந்தை எடுத்து ஒயர் வழியா மத்த மெஷினுக்கும் அனுப்புவேன். மீதி இருக்கறத அழிச்சுருவேன்.”

“மீதியா? மருந்து மட்டும்தானே அனுப்பறேன்?”

சுமித்ராவின் முகம் சிவந்தது. “பாட்டு இருக்குமுங்க.”

“என்ன பாட்டு?”

“உங்க கடைப் பாட்டுன்னு நெனச்சேனுங்க. வேணும்னுதான் அனுப்பறீங்களோ, மறந்து விட்டுட்டீங்களோ... நீங்க இவ்வளவு ஒதவி செய்றப்ப அதை எப்படிங்க வாயத் தொறந்து கேக்கறது? நாப்பது, அம்பது இருக்கும். எல்லாம் நையாண்டி மேளம்.”

அப்சருக்கு நையாண்டி மேளம் பிடிக்காது. நஸீம் நோட்டை மறுபடி புரட்டினாள். விரல் ஓர் இடத்தில் நின்றது. கார்த்திகை கடைசியில் இரண்டு வாரம். புதன் நன்றாக இருக்கிறது. வியாழன் நன்றாக இருக்கிறது. பக்கத்து வரியில் சுமித்ரா சந்தோஷத்தில் ஒரு பூ வரைந்திருந்தாள்.

“அண்ணே.” நஸீம் தலையைத் தூக்கவில்லை. “கார்த்திகையில ரெண்டு வாரம் உங்க ஜீப்பு எங்க இருந்துச்சு?”

“பட்டறையிலதானுங்க. கியர் பாக்ஸு புட்டுக்கிச்சு. உங்களுக்குத்தான் தெரியுமே, அந்த ரெண்டு வாரமும் டப்பாவ பஸ் கண்டக்டர் கையில...”

அந்த வாய் அன்றுதான் முதல் தடவையாக ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டது.

தகரத்தின் மேல் பனி சொட்டிய சத்தம் கேட்டது.

“பஸ் ஸ்டாண்டுல பாட்டு ஏத்துற கடை இருக்குமுங்க,” என்றார் செங்கோடன். குரல் அவருடையது போலவே இல்லை. அந்தக் கடை நஸீமுக்குத் தெரியும். ஊரில் உள்ள அத்தனை போனும் பென் டிரைவும் ஒரே பழைய மெஷினில் முங்கி எழும் இடம். “நீங்க பிஸ்கட்டு வெக்கறீங்க. டீச்சரு மிளகு வெக்கறாங்க. தூக்கிட்டுப் போறவன் நான் மட்டும் வெறுங்கையாங்கம்மா? புள்ளைங்க ஆஸ்டல்ல பாட்டு இல்லாம கெடக்குதுங்கன்னு டப்பாவுல இருந்த பென் டிரைவுல ஏத்துனேன். வர்ற வழியில நானும் ஜீப்புல போட்டுக் கேட்டேன், பொய் சொல்லலை. மறுவாரம் எறங்கறப்ப ஒண்ணும் இருக்காது. புள்ளைங்க எடுத்து வெச்சுக்கிச்சுங்கன்னு... எனக்கு அவ்வளவு சந்தோசம். அதுக்குத்தானுங்க வாரா வாரம் புதுசா ஏத்துனேன்.”

அருள்மொழி அவரைப் பார்த்தாள். “எங்களுக்குத் தெரியவே தெரியாதுங்க தாத்தா.”

“தெரியாது சாமி. தெரியாதுதான்.”

மணி இரண்டே முக்கால். முருகானந்தம் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருக்கவும் ஒரு துணிச்சல் வேண்டும். ரப்பரை எடுத்து அருள்மொழியின் பெயரை அழித்தார். அழித்த இடத்தில் தாள் லேசாகக் கிழிந்தது. பெருமாயி முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். விறகுக்காரிகளில் ஒருத்தி கைதட்டக்கூட ஆரம்பித்தாள். பக்கத்திலிருந்தவள் அவள் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

“இப்ப நான் உண்மைய எழுதணுமே,” என்றார் தலைமையாசிரியர். “ஆசிரியை அனுமதி வாங்காம, பள்ளி சாதனத்த வாரா வாரம் ஜீப்பு டிரைவர் கையில குடுத்தனுப்பிச்சாங்க. தலைமையாசிரியர் அதைக் கவனிக்கலை. இதான் உண்மை. இதை எழுதினா...”

“எழுதாதீங்க,” என்றார் செங்கோடன். “என் பேரை மட்டும் போடுங்க. பாட்டுப் பைத்தியம்னு போடுங்க.”

“நீ பள்ளிக்கூடத்து ஆளே இல்லைப்பா. உன் பேருக்குக் கட்டமே கெடையாது.”

தலைமையாசிரியர் ஆபீசுக்குப் போன் பேச ஆனைப்பாறைக்கு ஏறிப் போனார். அரை மணி நேரம் கழித்து இறங்கி வந்தபோது வேட்டியில் முள் குத்தியிருந்தது. அதை எடுக்கக்கூட இல்லை.

“கேட்டாங்க. சொன்னேன். ‘ஒரு புள்ள செஞ்ச தப்புன்னா கண்டிச்சு விட்டுரலாம். உங்க ஏற்பாடே தப்புன்னா அங்க எதுக்குக் கம்ப்யூட்டர்?’னு கேட்டாங்க.” அவர் நஸீமைப் பார்த்தார். “நீங்க கண்டுபிடிக்காம இருந்திருந்தா ஒரு புள்ளையோட போயிருக்கும்மா.”

நஸீம் பானு எத்தனையோ குற்றவாளிகளைக் கண்டுபிடித்திருக்கிறாள். கண்டுபிடித்ததற்காக மன்னிப்புக் கேட்கத் தோன்றியது அன்றைக்குத்தான். யாரிடம் கேட்பது என்று தெரியாததால் பையை மூடினாள்.

நாலு மணிக்குச் செங்கோடன் சட்டையை உதறிக்கொண்டு எழுந்தார். “என் லோடு ரோட்டுல நிக்குமுங்க. யாரு ஊட்டு மரவள்ளியோ, பாத்துட்டு வாரேன்.”

“எங்கேயும் போக வேணாம்,” என்றார் முருகானந்தம் தாளைப் பார்த்தபடி. “லாரி பள்ளிக்கூடத்துப் பாதையில வராதுன்னு ஆபீசுல காலையிலயே ஒரு ஜீப்பு சொல்லி வெச்சிருக்காங்க. போன்ல சொன்ன நம்பர் உன் வண்டிதான். லோடு இதுதான்.”

ஏழு உயிரும் மூன்று பிணமுமாகப் பத்தையும் செங்கோடனே தூக்கினார். யாரையும் தொடவிடவில்லை. தன் கம்பளியைக் கிழித்து இரண்டு மெஷினுக்கு நடுவில் திணித்தார். ஐந்தாவது மெஷினில் வெள்ளை மெழுகு அப்படியே இருந்தது. அருள்மொழி ஒவ்வொரு கீபோர்டையும் தாவணி நுனியால் துடைத்துக் கொடுத்தாள். யாரோ வாங்கிப் போகிற கன்றுக்குட்டியைத் துடைக்கிற மாதிரி. எழுபது வளைவும் இறங்கும் வரைக்கும் ஜீப்பில் பாட்டு இல்லை. அன்று புதன்கிழமை.

பிறகு நடந்ததை அடிவாரத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். செய்முறைத் தேர்வைக் கீழே ஒரு பள்ளியில் வைத்தார்கள். மூன்று நாள் தங்க வேண்டும். பதினோரு பேர் போனார்கள். ‘ஏற்கெனவே எம்புள்ள மேல ஒரு பேச்சு வந்தாச்சு’ என்று பெருமாயி அனுப்பவில்லை. பேச்சு பொய் என்று நிரூபணமானதே என்று நஸீம் இரண்டு தடவை சொல்லி அனுப்பினாள். பொய்யான பேச்சும் பேச்சுதானே என்று பதில் வந்தது. சுமித்ராவின் வேலையை மார்ச்சோடு முடித்துவிட்டார்கள். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பில் போடப் போனவள் அங்கேயே ஒரு சூப்பர்வைசரைக் கட்டிக்கொண்டாள். ஊர்க்காரர்களுக்கு மாப்பிள்ளை தேடும் வேலை போயிற்று. முருகானந்தத்துக்கு மாறுதல் வந்தது, அதே கம்ப்யூட்டர்கள் போன பள்ளிக்கு. அங்கே அவை இன்னும் பிரிக்காமல் கம்பளியோடு இருக்கின்றன என்று அவரே சொன்னார். செங்கோடன் ஜீப்பிலிருந்து பாட்டுப் பெட்டியைப் பிடுங்கிவிட்டார். அந்த ஓட்டையில் இப்போது வெற்றிலை வைத்திருக்கிறார். பகடி பேசுவதையும் குறைத்துவிட்டார். பயணிகளுக்கு அது பிடிக்கவில்லை.

பதினெட்டு முடிந்த அடுத்த மாதமே, மறுவருஷம் தையில், அருள்மொழிக்குக் கல்யாணம். மலையில் இன்னும் உள்ளே, எடப்புளி நாட்டில் மிளகுத் தோட்டக்காரர் வீட்டு மகன். நல்ல பையன் என்கிறார்கள். அந்த ஊருக்குப் பஸ் கிடையாது.

பத்திரிகையை அவள் செங்கோடனிடம்தான் கொடுத்தனுப்பினாள், அந்த எவர்சில்வர் டப்பாவில் நாலாக மடித்து வைத்து. வெறுமனே அனுப்பவில்லை. ஒரு பிடி மிளகு போட்டிருந்தாள். மிளகுக்கு அடியில் தட்டிப் பார்த்தபோது அந்தப் பழைய பென் டிரைவும் இருந்தது. நஸீம் அதைச் சொருகிப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது.

மிளகை வீட்டில் போட்டுவிட்டாள். டப்பா கடை அலமாரியில் இருக்கிறது, ஒரு வருஷமாக. வெறுமனே திருப்பி அனுப்ப முடியாது. என்ன வைத்து அனுப்புவது என்று இன்னும் தெரியவில்லை.